சிவப்பு மையில் அடித்த சொற்கள்

அந்த நோட்டு இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. நீல அட்டை போட்ட 80 பக்க நோட்டு. முதல் இரண்டு பக்கங்களில் நான் அதுவரை சாப்பிட்டுப் பழகிய 63 உணவுகளின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவற்றில் 52 பெயர்களின் மேல் சிவப்பு மையில் கோடு.

நான் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். 14 வருடமாக அதே வேலைதான். தப்பு கண்ணில் பட்டால் அடித்துவிட வேண்டும், சந்தேகம் வந்தால் வட்டம் போட வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே என் சாப்பாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒன்றைச் சாப்பிட்டு வயிறு வலித்தால் அந்தப் பெயருக்கு வட்டம். இரண்டாவது தடவையும் வலித்தால் கோடு. இப்படியே 19 மாதத்தில் மிச்சம் இருந்தது 11.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், மதியம் டப்பாவின் மூடியைப் பாதி திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, திரும்பவும் மூடி வைத்தாள். "வயிறு சரியில்லக்கா" என்றாள். மறுநாளும் அதே பதில். நான்காம் நாள் அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். அன்று அரை மணி நேரத்தில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எத்தனை கிலோ இளைத்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்ற எண்களை இதில் எழுதப்போவதில்லை. இதே சிக்கலில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்ததும் தன்னுடையதோடு ஒப்பிடுவார். நானும் அப்படித்தான் ஒப்பிட்டேன், "நமக்கு அவ்வளவு மோசமில்லை" என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டேன்.

எனக்கு 35 வயதில் ஒரு அலுவலகப் பயணம். திரும்பும்போது இரவு பஸ்ஸில் வயிறு புரட்ட ஆரம்பித்தது. இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து அதற்குள்ளேயே வாந்தி எடுத்தேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யாரோ உள்ளே லைட்டைப் போட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாந்தி அன்றோடு போய்விட்டது. அந்த லைட் மட்டும் பல மாதம் என்னோடு இருந்தது. எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும், யாரோ இப்போது லைட்டைப் போடப்போகிறார்கள் என்று தோன்றும்.

மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரை அடைத்துக்கொள்ளும். சாயங்காலமானால் வயிறு உப்பி, சேலைக் கட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும். ஏப்பம், குமட்டல், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் ஓட்டம். தொற்றால் வாந்தியும் பேதியும் வந்து குணமானவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் இப்படி நீடிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று சொல்லும் எரிச்சல் குடல் நோய் பலருக்கு இந்த வழியாகத்தான் வருகிறது. பெரும்பாலும் காலப்போக்கில் தணியவும் செய்யும். இதை அன்றைக்கே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் அந்த நோட்டை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அன்று பஸ் ஏறுமுன் நான் கடைசியாகச் சாப்பிட்டது ஒரு டம்ளர் பால். வயிற்றைக் கெடுத்தது மதியச் சாப்பாடாக இருக்கலாம், முந்தின நாள் குடித்த தண்ணீராகவும் இருக்கலாம். என் உடம்பு விசாரணை எதுவும் நடத்தவில்லை, நேராகப் பாலைப் பிடித்துக்கொண்டது. பால் காயும் வாசனை வந்தாலே தொண்டை இறுகும். நோட்டில் முதல் கோடு பாலுக்குத்தான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். 1955-ல் ஜான் கார்சியா என்ற உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை எலிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். எலிகளுக்கு உடம்பு கெட்டது கதிர்வீச்சால். அவை வெறுத்து ஒதுக்கியதோ இனிப்புத் தண்ணீரை. பாவம், அந்தத் தண்ணீர் ஒரு தப்பும் செய்யவில்லை. பின்னால் நடந்த ஆய்வுகளில் இன்னும் இரண்டு விஷயம் தெரியவந்தது. இப்படி ஒரு வெறுப்பு பதிய ஒரே ஒரு தடவை போதும். சாப்பிட்டதற்கும் உடம்பு கெட்டதற்கும் இடையே சில மணி நேரம் போயிருந்தாலும் பதியும். காட்டில் விஷக்காயைத் தின்று பிழைத்த பிராணி மறுபடி அதைத் தின்னாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் இது. அந்தக் காவல்காரன் ஆள் மாறிப் பிடித்தாலும் பிடித்ததை லேசில் விடமாட்டான். இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. பாலைக் கண்டு பயந்தது என் பிடிவாதமோ பைத்தியக்காரத்தனமோ இல்லை என்று தெரிந்த நிம்மதி.

அப்புறம் பயம் தன் பங்குக்கு வயிற்றைக் கெடுக்க ஆரம்பித்தது. இதைத்தான் நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

நம் மொழியில் பயம் எப்போதுமே வயிற்றில்தான் குடியிருக்கிறது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை "வயித்தக் கலக்குது" என்கிறது. கெட்ட சேதி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நள்ளிரவில் போன் அடித்தால் அடிவயிறு சில்லிடுகிறது. இதெல்லாம் வெறும் பேச்சு வழக்கு இல்லை. 1890-களின் கடைசியில், எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில், வால்டர் கேனன் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் பூனைக்கு எக்ஸ்ரேயில் தெரியும்படி ஒரு பொருளைக் கலந்து சாப்பாடு கொடுத்து, அதன் இரைப்பை அலை அலையாக அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டபோது அசைவு அப்படியே நின்றது. அமைதியானபின் மறுபடி தொடங்கியது. நமக்கும் அதேதான் நடக்கிறது. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ தயாராகும், ஜீரண வேலையைத் தள்ளிவைக்கும். இரைப்பை மெதுவாகும், பெருங்குடல் அவசரப்படும். மேலே அடைப்பு, கீழே கலக்கல்.

இப்போது என் மதிய வேளையை நினைத்துப் பாருங்கள். 12 மணியிலிருந்தே மனசு படபடக்கும். 1 மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது இரைப்பை ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் போன எந்தச் சாப்பாடும் கல் மாதிரி நிற்கத்தான் செய்யும். நின்றதும் நான் நோட்டைத் திறந்து, அன்று டப்பாவில் என்ன இருந்ததோ அதற்கு வட்டம் போடுவேன். வட்டம் விழ வேண்டியது பயத்துக்கு. விழுந்தது பட்டாணிக்கு.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு, வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளை வயிற்றுக்கு உத்தரவு போடுவதைவிட, வயிறு மூளைக்குச் சொல்வதுதான் அதிகம். சாதாரணமாக இந்தச் சேதிகளில் பெரும்பாலானவை நம் கவனத்துக்கே வராது. ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு இந்தச் சேதியின் சத்தம் கூடிவிடுகிறது. குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்று ஊதிப் பார்க்கும் சோதனைகளில், மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே இவர்களில் பலருக்கு வலி எடுக்கிறது. பயந்துபோய் வயிற்றையே காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் இன்னும் கூடும். ஆனால் வலி கற்பனை இல்லை. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். வலி நிஜம், உப்புசம் நிஜம்.

எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர், "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷனக் குறைங்க" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷப்பட வேண்டியவள் அழுகிறாளே என்று என் அக்கா குழம்பிப்போனாள். ஒரு புண்ணாவது இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் நான் உண்மையாகவே நினைத்தேன். புண் இருந்தால் மருந்து இருக்கும், பெயர் இருக்கும், நான் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கும்.

"ஒண்ணும் இல்லை" என்ற அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உறுப்பில் கோளாறு தெரியாமல், அது வேலை செய்யும் விதத்தில் கோளாறு வரும் நோய்கள் உண்டு. இப்படிப்பட்ட வயிறு, குடல் நோய்களை வகைப்படுத்த உலக நிபுணர்கள் சேர்ந்து வகுத்து 2016-ல் வெளியிட்ட ரோம் வரையறைகள் இவற்றுக்கு "குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள்" என்றே பெயர் வைத்திருக்கின்றன. ஐ.பி.எஸ். அதில் ஒன்று. சீக்கிரமே வயிறு நிறைந்துவிடும் செயல்சார் அஜீரணம் இன்னொன்று. நாம் சாப்பிடும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். இந்த அஜீரணம் உள்ள பலருக்கு அது சரியாகத் தளர்வதில்லை. அதனால்தான் நாலாவது வாயிலேயே அடைக்கிறது. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்காததால் நானே இணையத்தில் தேடப் போனேன்.

அங்கே கிடைத்தது ஃபோட்மேப் பட்டியல். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய உணவுமுறை அது. சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைப்பதுதான் அதன் அடிப்படை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள், பயறு வகைகள் எல்லாம் அதில் வரும். நல்ல முறைதான், பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் 2 முதல் 6 வாரம் வரை ஒதுக்க வேண்டும். அடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாததை மட்டும், ஒத்துக்கொள்ளாத அளவுக்கு மட்டும் குறைக்க வேண்டும். நான் பார்த்த இடங்களில் முதல் கட்டத்தின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. பட்டியலென்றால் எனக்குக் கேட்க வேண்டுமா? ஒரே இரவில் 20 பெயருக்கு மேல் அடித்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அடிக்கும்போதெல்லாம் கிடைத்த அந்த நிம்மதிதான் என்னை உள்ளே இழுத்தது. ஒன்றை ஒதுக்கியதும் பயம் இறங்கும். பயம் இறங்கியதும், ஒதுக்கியது சரிதான் என்று மனசு முத்திரை குத்திவிடும். அந்த உணவு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாததா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அப்புறம் வராது.

ஆனால் சாப்பாடு குறையக் குறைய வயிறு தேறியிருக்க வேண்டுமே? நேர்மாறாகத்தான் நடந்தது. 63 சாப்பிட்டபோது சாயங்காலம் மட்டும் உப்பிய வயிறு, 11 சாப்பிட்டபோது காலையிலேயே உப்பியது. அரை டம்ளர் தண்ணீருக்கே அடைத்தது. இதற்கான விடை தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. போதுமான சாப்பாடு தொடர்ந்து உள்ளே போகாவிட்டால் இரைப்பை காலியாகும் வேகமே குறைந்துவிடும். குடலும் மந்தமாகி மலச்சிக்கல் வரும். சீக்கிரம் வயிறு நிறையும், உப்பும், குமட்டும். அதாவது எந்தத் தொந்தரவுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேனோ, அதே தொந்தரவைச் சாப்பாட்டைக் குறைத்தே உண்டாக்கிக்கொண்டிருந்தேன். உடல் எடையைப் பற்றிய பயத்தால் பட்டினி கிடப்பவர்களுக்கும் இதே கதைதான். திரும்பச் சாப்பிட ஆரம்பிக்கும்போது அவர்களுக்கு வயிறு உண்மையாகவே வலிக்கிறது. அதை "சாக்கு சொல்றா" என்று வீட்டில் திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மனசும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டைக் கண்டு பயந்த நானேதான் ராத்திரி 1 மணி வரை சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன முரண் என்று புரியாமல் தவித்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். பட்டினியில் வாடியவர்களைத் தேற்றுவது எப்படி என்று கண்டறியத்தான் அந்த ஆய்வு. நல்ல ஆரோக்கியமும் தெளிவான மனசும் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டினி முற்றியபோது அவர்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் வரை இழுத்துச் சாப்பிட்டார்கள், யாரோடும் ஒட்டாமல் எரிந்து விழுந்தார்கள். பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். என் நோட்டும் அதன் கறாரும் பாதி என் சுபாவம் என்றால், மீதி பசி.

வெளியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "இளைச்சு ரொம்ப அழகா ஆயிட்டீங்க, என்ன டயட்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் ஒல்லியாக ஆசைப்படவே இல்லை. கண்ணாடியில் என் தோள் எலும்பைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அதனாலேயே இது உண்ணல் கோளாறாக இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதெல்லாம் எடையைப் பற்றிக் கவலைப்படும் சின்னப் பெண்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்ன சாப்பிடுகிறேன் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எதையெல்லாம் சாப்பிட பயமா இருக்கு, சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லாமல் நோட்டை எடுத்து நீட்டினேன். பொறுமையாக இரண்டு பக்கத்தையும் படித்தார். "இத ஒத்தை ஆளா இவ்வளவு நாள் சுமந்திருக்கீங்களே" என்றார். அதற்குமேல் அன்று என்னால் பேச முடியவில்லை.

ஆர்ஃபிட் என்று ஒரு பெயரைச் சொன்னார். தவிர்ப்பு-கட்டுப்பாட்டு உணவு உட்கொள்ளல் கோளாறு என்று தமிழில் விரிக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில்தான் இந்தப் பெயர் முதலில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலிலும் இருக்கிறது. உடல் தோற்றம் பற்றிய கவலை இல்லாமலே சாப்பாடு சுருங்கிப்போவது இது. சிலருக்கு வாசனையும் பதமும் தாங்காது. சிலருக்குப் பசியே எடுக்காது, சாப்பாட்டில் நாட்டமே இருக்காது. இன்னும் சிலருக்குச் சாப்பிட்டால் வாந்தி வரும், தொண்டையில் அடைக்கும், வலிக்கும் என்ற பயம். நான் மூன்றாவது ரகம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம். குழந்தைகளுக்கும் வரும், ஆண்களுக்கும் வரும், எந்த வயதிலும் வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். வயிற்றுக்குப் பயந்து ஆரம்பித்தது நாளடைவில் எடைப் பயமாக மாறுவதும் உண்டு. எடைப் பயத்தை "வயிறு ஒத்துக்கல" என்ற வார்த்தைக்குப் பின்னால் மறைப்பதும் உண்டு. அதனால் எது என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது.

சிகிச்சை என்றதும் முதலில் வயிற்றைச் சரி செய்வார்கள், அப்புறம் சாப்பிடலாம் என்று நினைத்தேன். முதலில் சாப்பாடு, வயிறு பின்னால் வரும் என்றார்கள். என் மனசு ஏற்க மறுத்த இடம் இதுதான். முதலில் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் பார்த்தார்கள். வெகுநாள் குறைவாகச் சாப்பிட்டவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இதை வீட்டில் தனியாக வீராப்பாகச் செய்யாதீர்கள். அப்புறம் அந்த 11 உணவுகளையே மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி என்று, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வைத்தார்கள். பசிக்கிறதா என்று பார்க்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள் என்றார்கள். முதல் இரண்டு வாரம் உப்புசம் கூடத்தான் செய்தது. கூடும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்ததால்தான் நான் ஓடவில்லை.

ஆறாவது வாரம் ஆப்பிள். உணவியல் நிபுணர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு ஆப்பிளை எட்டாக நறுக்கி, ஒரு துண்டை என் பக்கம் வைத்தார், ஒரு துண்டைத் தான் எடுத்துக்கொண்டார். என் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து நடுவில் கோடு போடச் சொன்னார். இடது பக்கம் நான் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், வலது பக்கம் என்ன நடந்தது. இடது பக்கம் எழுதினேன்: வலி 10-க்கு 9, வாந்தி நிச்சயம். மணி 11.10. நான் எழுதி முடித்து, துண்டைக் கையில் எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுப்பதற்குள் அதன் வெட்டுமுகம் பழுப்பேறிவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. 11.22-க்குக் கடித்தேன். முதலில் தெரிந்தது சத்தம்தான். 19 மாதத்துக்குமேல் என் வாயில் எதுவும் அப்படி நறுக்கென்று உடைந்ததில்லை. குழைந்ததை மட்டுமே தின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலியின் எண்ணை எழுத வேண்டும். வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் குடித்துச் சமாளிக்கக் கூடாது. மூச்சை மட்டும் அடிவயிறு வரை மெதுவாக இழுத்து விடலாம். வயிறு இறுகியது, கை வேர்த்தது, பஸ் லைட் வந்தது. 5. அடுத்து 7. அடுத்தும் 7. எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. "இப்ப போனா ஏழோட போவீங்க, கொஞ்சம் உக்காருங்க" என்றார். 6. பிறகு 4. கடைசியில் 3. ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாந்தி வரவில்லை. வலது பக்கம் எழுதினேன்: வலி 7 வரை போனது, இறங்கியது. வலிக்கவே இல்லை என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஏறியது இறங்கியதைக் கண்ணால் பார்த்ததால் நம்பினேன்.

அப்படிப் பல பக்கங்கள். சில நாள் தோற்றேன். பாலுக்கு மட்டும் நாலு மாதம் ஆனது, அதுவும் முதலில் வாசனை, அப்புறம் ஒரு ஸ்பூன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. என் அக்கா ஆரம்பத்தில், "ரெண்டு வாய் தின்னா செத்தாடி போயிடுவே?" என்று கத்தியவள்தான். பயத்தில் கத்தினாள் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்தச் சத்தத்திலேயே என் வயிறு இறுகியது. பிறகு அவளையும் ஒரு நாள் அந்த அறைக்கு அழைத்து விளக்கினார்கள். அதற்குப் பிறகு தினம் ராத்திரி சாப்பிடும் நேரத்துக்கு எனக்குப் போன் போடுவாள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவள் அங்கே சாப்பிடுவாள், நான் இங்கே சாப்பிடுவேன். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளைகள், பூனை, துணி காயாதது என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அவள் வீட்டுப் பூனைக்கு மூன்று குட்டி பிறந்ததையும் அவற்றுக்கு அவள் வைத்த பெயர்களையும் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

வயிற்றுத் தொந்தரவு எல்லாமே பயத்தால்தான் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம், தானாக எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத காய்ச்சல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். சோதனை எல்லாம் முடிந்து "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் தட்டு நாளுக்கு நாள் சுருங்குகிறது என்றால், அதையும் அதே அவசரத்தோடு போய்ச் சொல்லுங்கள். முதல் டாக்டருக்குப் புரியாவிட்டால் இரண்டாமவரிடம் போங்கள்.

எனக்கு இப்போது 41 வயது. வயிறு முழுசாகப் பழையபடி ஆகிவிடவில்லை. வேலை நெருக்கும் வாரங்களில் உப்பத்தான் செய்கிறது. உப்பினால் சேலைக் கட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு சாப்பிடுகிறேன்.

புரூஃப் வேலையில் ஒரு குறி உண்டு. தப்பென்று நினைத்து ஒரு சொல்லை அடித்துவிட்டோம், அப்புறம் அது சரிதான் என்று தெரிகிறது. உடனே அதை மறுபடி எழுத மாட்டோம். அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ஸ்டெட் என்று எழுதுவோம். லத்தீன் வார்த்தை, "இருக்கட்டும்" என்று அர்த்தம். அச்சுக் கோப்பவருக்கு அது போதும், கோட்டைப் பொருட்படுத்தாமல் சொல்லை விட்டுவிடுவார். ஆப்பிளைச் சாப்பிட்ட அன்று ராத்திரி நோட்டை எடுத்து, அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஆறு புள்ளி வைத்தேன். 52-ல் இப்போது 47-க்குப் புள்ளி இருக்கிறது. மூன்று உண்மையாகவே எனக்கு ஒத்துக்கொள்ளாதவை, திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தாயிற்று. மிச்சம் இரண்டு. ஒன்று பட்டாணி. அதை நாளைக்கு மதியம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவளும் தன் டப்பாவைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.